செல்லுக்குள் சாரம் கட்டும் ஆக்டின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி உயிரியலில் ஆக்டின் இரண்டு இடத்தில் தலைகாட்டும். செல் பாடத்தில் 'நுண்ணிழைகள்' என்று ஓரிரு வரி. தசைப் பாடத்தில் மையோசின் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்த்து ஒரு படம். இரண்டும் ஒரே பொருள்தான் என்பது பலருக்குப் பிறகுதான் உறைக்கிறது. மாணவர்களும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றிய சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஆக்டின் என்பது என்ன?

ஒரு புரதம். 375 அமினோ அமிலங்கள் கோர்த்த ஒற்றைச் சங்கிலி மடிந்து சுருண்டு, குறுக்களவில் 5 நானோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட உருண்டையாக நிற்கிறது. மூலக்கூறு எடை சுமார் 42 கிலோடால்டன். உருண்டையின் நடுவே ஒரு பிளவு. அதற்குள் செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றும் ஒரு மெக்னீசியம் அயனியும் உட்கார்ந்திருக்கும். தனி உருண்டையாக மிதந்தால் அது ஜி-ஆக்டின். உருண்டைகள் வரிசையாகச் சேர்ந்து இழையானால் எஃப்-ஆக்டின்.

அளவிலும் இது சாதாரணப் புரதம் இல்லை. தசை அல்லாத செல்களில் மொத்தப் புரதத்தில் 1 முதல் 5 சதவீதம், தசைச் செல்லில் ஏறக்குறைய 10 சதவீதம் ஆக்டின்தான். நமக்கு ஆக்டின் மரபணுக்கள் ஆறு. எலும்புத் தசைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, குடல் மற்றும் ரத்தக்குழாய்ச் சுவரின் மென்தசைக்கு இரண்டு, எல்லா செல்லிலும் இருக்கும் பீட்டா, காமா என்ற இரண்டு. இந்தப் பீட்டாவுக்கும் காமாவுக்கும் வித்தியாசம் வெறும் நான்கு அமினோ அமிலங்கள்.

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டின் ஆக்டினையும் நம் தசையின் ஆக்டினையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் 100க்கு 87 இடங்களில் ஒரே அமினோ அமிலம். பிரிந்து போய் நூறு கோடி ஆண்டுகள் ஆன இரண்டு கிளைகள்! இவ்வளவு காலமாக ஏன் மாறவில்லை? ஆக்டினோடு ஒட்டி உறவாடும் புரதங்கள் நூற்றுக்கு மேல். ஒரு மூலையைக் கொஞ்சம் மாற்றினாலும் யாராவது ஒரு கூட்டாளிக்குப் பொருந்தாமல் போய்விடும்.

செல்லின் எலும்புக்கூடு என்று சொல்வது சரியா?

சொல்கிறார்கள். இலங்கைத் தமிழில் எலும்புக்கூட்டை வன்கூடு என்பார்கள், செல்லைக் கலம் என்பார்கள்; அங்கேயும் பெயரில் 'கூடு' வந்துவிடுகிறது. எனக்கு இந்த உவமை பிடிப்பதில்லை. எலும்பு என்றதும் ஒருமுறை வளர்ந்து அப்படியே நிற்கும் ஒன்று மனதில் வருகிறது. ஆக்டின் அப்படி நிற்பது அபூர்வம்.

கட்டட வேலையில் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்து நிறுத்துவார்கள். பூச்சு முடிந்ததும் அவிழ்ப்பார்கள். அதே கம்புகள் அடுத்த சுவருக்குப் போகும். ஆக்டின் இழை கிட்டத்தட்ட அந்தச் சாரம்தான். நகரும் செல்லின் முன்விளிம்பில் கட்டிய சாரம் ஒரு நிமிடத்துக்குள் அவிழ்ந்து, அதே உருண்டைகள் வேறிடத்தில் மறுபடி இழையாகின்றன. கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் இதன் வேலை என்று வைத்துக்கொண்டால் கீழே வருகிற பலதும் எளிதாகப் புரியும்.

செல்லுக்குள் வேறு இரண்டு வகை இழைகளும் உண்டு. நுண்குழல்கள் 25 நானோமீட்டர் தடிமன், உள்ளே வெற்றிடம், விறைப்பானவை. இடைநிலை இழைகள் 10 நானோமீட்டர், நம் முடியில் உள்ள கெரட்டின் அந்த வகை. ஆக்டின் இழை மூன்றிலும் மெல்லியது, சுமார் 7 நானோமீட்டர். பத்தாயிரம் இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும்.

இழையின் அமைப்பு எப்படி இருக்கும்?

இரண்டு புரிக் கயிறு. தென்னை நார்க் கயிறு திரிக்கும்போது இரண்டு புரிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளுமே, அதே மாதிரி. ஆனால் இங்கே நார் கிடையாது, உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையும் முந்தையதைவிட சுமார் 2.75 நானோமீட்டர் மேலே, கிட்டத்தட்ட அரைச்சுற்றுத் திரும்பி உட்காரும். இரண்டு புரிகளும் ஒன்றையொன்று கடக்கும் இடங்களுக்கு நடுவே சுமார் 36 நானோமீட்டர். இந்த 36ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் இழைக்கு ஏறக்குறைய 360 உருண்டைகள் தேவை.

இந்த அமைப்பைக் கண்டறிவதில் ஒரு விநோதச் சிக்கல் இருந்தது. புரதத்தின் வடிவத்தை எக்ஸ்ரேயால் பார்க்க அதைப் படிகமாக்க வேண்டும். ஆக்டினை அடர்த்தியாக்கினால் படிகமாகாமல் இழையாகிவிடும். கடைசியில் டிஎன்ஏவை வெட்டும் ஒரு நொதியை ஆக்டினோடு ஒட்டவைத்து, உருண்டைகள் சேராதபடி தடுத்து, 1990இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் அதன் வடிவத்தைக் கண்டார்கள். முழு இழையை, அதில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் தெரியும் அளவுக்குப் பார்க்க 2022 ஆகிவிட்டது. அதைச் சாத்தியமாக்கியது உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி.

இழையின் இரண்டு முனைகளும் ஒன்றுதானே?

இல்லை. இதைத் தவறவிட்டால் மீதி எதுவும் புரியாது. எல்லா உருண்டைகளும் ஒரே பக்கம் பார்த்து உட்காருவதால் இழைக்குத் தலை, வால் என்று திசை வந்துவிடுகிறது. வேகமாக வளரும் முனையை பிளஸ் முனை என்றும், மெதுவாக வளரும் முனையை மைனஸ் முனை என்றும் சொல்வார்கள். மையோசின் தலைகளை இழையின் மேல் ஒட்டவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் வரிசையாக அம்புத்தலைகள் அடுக்கியது போலத் தெரியும். அம்புகள் எல்லாம் மைனஸ் பக்கம் கூர்நீட்டி நிற்கும்.

வேகத்தில் பத்து மடங்கு அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது. சுற்றிலும் 10 மைக்ரோமோலார் அடர்த்தியில் ஆக்டின் இருந்தால் பிளஸ் முனையில் நொடிக்கு நூறுக்கும் மேற்பட்ட உருண்டைகள் வந்து ஒட்டும். அதாவது நொடிக்கு 0.3 மைக்ரோமீட்டர் நீளம்.

ஏடிபி எதற்கு? அது இல்லாமல் இழை உருவாகாதா?

உருவாகும். கட்டுவதற்கு ஏடிபியின் சக்தி தேவையில்லை. அவிழ்ப்பதற்கு நாள் குறிப்பதுதான் அதன் வேலை.

ஏடிபியோடு வரும் உருண்டை இழையில் ஒட்டியதும், ஓரிரு நொடிகளில் அந்த ஏடிபி ஏடிபியாக இருப்பதில்லை. உடைந்து ஏடிபி-யின் ஒரு பாஸ்பேட் தனியாகிறது. அந்தப் பாஸ்பேட் உடனே வெளியேறாமல் சில நிமிடங்கள் பிளவுக்குள்ளேயே கிடக்கும். அது போன பிறகு உருண்டையின் பிடி தளர்கிறது. ஆக, ஓர் இழையைப் பார்த்தாலே எந்தப் பகுதி புதிது, எந்தப் பகுதி பழையது என்று தெரிந்துவிடும். பால் பாக்கெட்டில் தேதி அச்சிட்டிருப்பது போல. பழைய பகுதியை மட்டும் தேடிப் பிடித்து வெட்டுவதற்கென்றே கோஃபிலின் என்ற புரதம் இருக்கிறது.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். சரியான அடர்த்தியில் பிளஸ் முனையில் உருண்டைகள் சேர்ந்துகொண்டே இருக்கும், மைனஸ் முனையில் கழன்றுகொண்டே இருக்கும். இழையின் நீளம் மாறாது. ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வோர் உருண்டையும் பிளஸ் முனையிலிருந்து மைனஸ் முனைக்கு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். கோயில் தரிசன வரிசை மாதிரி: வரிசையின் நீளம் அதேதான், ஆட்கள் வேறு. 1976இல் ஆல்பிரெக்ட் வெக்னர் இதை விளக்கினார்.

உருண்டைகள் தாமாகவே சேருமானால் செல் முழுக்கக் கயிறாகிவிடாதா?

நல்ல கேள்வி. சோதனைக் குழாயில் அப்படித்தான் ஆகும். 1 மைக்ரோமோலாருக்கும் குறைவான ஆக்டினே தனி உருண்டையாக மிஞ்சும், மீதி எல்லாம் இழை. செல்லுக்குள்ளோ நூறு மைக்ரோமோலாருக்கு மேல் ஆக்டின் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் செல் உறைந்த ஜெல்லியாக இருக்க வேண்டும்.

முதல் தடை இயற்பியலே போடுகிறது. இரண்டு உருண்டைகள் சேர்ந்தால் உடனே பிரிந்துவிடும். மூன்று சேர்ந்து ஒரு வித்து உண்டானால்தான் நான்காவது நின்று ஒட்டும். அந்த முதல் மூன்று சேர்வதே கஷ்டம்.

அப்புறம் செல் தன் பங்குக்கு ஆட்களை வைத்திருக்கிறது. தைமோசின் பீட்டா-4 என்ற குட்டிப் புரதம் உருண்டைகளைப் பிடித்துக் கிடங்கில் வைத்துவிடும். புரொஃபிலின் வேறு மாதிரி: அது பிடித்திருக்கும் உருண்டை புதிதாக வித்து போடாது, மைனஸ் முனையிலும் சேராது, ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் பிளஸ் முனையில் மட்டும் சேரும். பிளஸ் முனைகளுக்கு மூடி போட ஒரு புரதம். வெட்ட கோஃபிலினும் ஜெல்சோலினும். இவ்வளவு காவலையும் மீறி 'இங்கே கட்டு' என்று சொல்ல இரண்டு மேஸ்திரிகள் முக்கியம்.

ஒன்று ஆர்ப்2/3. ஏழு புரதங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. இருக்கிற இழையின் விலாவில் உட்கார்ந்து, சுமார் 70 பாகைக் கோணத்தில் புதுக் கிளையைத் தொடங்கிவைக்கும். கிளைக்கு மேல் கிளை வைத்து வேலிப் படல் போன்ற வலை உண்டாகும். 1994இல் அமீபா ஒன்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இன்னொன்று ஃபார்மின். இது பிளஸ் முனையிலேயே உட்கார்ந்து, முனை வளர வளரக் கூடவே ஏறிப்போகும். கிளை இல்லாத நீண்ட நேரான இழை வேண்டுமென்றால் ஃபார்மின். படலா, நேர்க்கம்பா என்பதை இந்த இருவரில் யார் அந்த இடத்தில் வேலைக்கு வந்தார்கள் என்பதே முடிவு செய்கிறது.

செல் நகர்வது எப்படி?

வெள்ளையணு ஒன்று பாக்டீரியாவைத் துரத்துவதைக் காட்டும் பழைய காணொளி ஒன்றைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோஜர்ஸ் எடுத்தது. சிவப்பணுக்களுக்கு நடுவே அந்தச் செல் வளைந்து நெளிந்து ஓடும்.

அந்த ஓட்டத்துக்கு முன்விளிம்பில் இருக்கும் ஆக்டின் படல்தான் காரணம். பிளஸ் முனைகள் எல்லாம் செல்சவ்வை நோக்கி நிற்கும். உருண்டைகள் சேரச் சேர சவ்வு முன்னால் தள்ளப்படும். சவ்வுக்கும் இழைக்கும் நடுவே உருண்டை நுழைய இடமிருக்காதே என்று தோன்றலாம். சவ்வும் இழையும் வெப்பத்தால் நடுங்கிக்கொண்டே இருப்பதால் அவ்வப்போது இடைவெளி திறக்கும். அந்த நேரத்தில் ஒன்று நுழைந்துவிட்டால் சவ்வு பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. ஓர் இழை தள்ளும் விசை சில பைக்கோநியூட்டன்தான். நூற்றுக்கணக்கான இழைகள் சேர்ந்து தள்ளும்போது செல் நிமிடத்துக்கு 10 மைக்ரோமீட்டர் அளவில் ஊர்கிறது. தன் உடல் நீளத்தை ஒன்றிரண்டு நிமிடத்தில் கடக்கிறது என்று பொருள்.

தள்ளினால் மட்டும் போதாது. முன்னால் போன பகுதி தரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வால்பகுதி பிடியை விட்டு உள்ளே இழுபட வேண்டும். இழுப்பதற்கு மையோசின் வருகிறது.

தசையில் இருப்பது வேறு ஆக்டினா?

மரபணு வேறு, பொருள் ஒன்றே. தசையில் அது நிலையாக நிற்கும் சாரம். நான் மேலே சொன்ன அபூர்வம் இதுதான். இழைகள் ஒவ்வொன்றும் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் நீளத்தில் வெட்டி அடுக்கியது போல் இருக்கும். பிளஸ் முனைகள் இசட் தட்டு என்ற சுவரில் ஊன்றியிருக்கும். இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள அலகுதான் சார்க்கோமியர். அதன் மையத்தில் மையோசின் இழைகள்.

தேர் வடம் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்கும் கூட்டம் இரண்டு பக்கமும் உள்ள வடங்களைத் தன்னை நோக்கி இழுக்கிறது. மையோசின் தலைகள் அந்தக் கைகள். ஒரு கை பிடி மாற்றும்போது மற்ற கைகள் பிடித்திருப்பதால் வடம் பின்னால் வழுக்குவதில்லை. வடமும் சுருங்குவதில்லை, கைகளும் குறுகுவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால் தசை குறுகுகிறது. இதை 1954 மே மாதத்தில் நேச்சர் இதழின் ஒரே பதிப்பில் இரண்டு தனித்தனி குழுக்கள் வெளியிட்டன. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும், மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் இல்லை. தேர்வில் குழம்பாதீர்கள்.

எப்போது இழுக்க வேண்டும் என்று யார் சொல்வது? ஆக்டின் இழையின் பள்ளத்தில் ட்ரோப்போமையோசின் என்ற நீளமான புரதம் படுத்து, மையோசின் பிடிக்கும் இடத்தை மறைத்துக்கொண்டிருக்கும். கால்சியம் வந்தால் ட்ரோப்போனின் என்ற புரதம் அதை நகர்த்திவிடும். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போனால் ரத்தத்தில் 'ட்ரோப்போனின் டெஸ்ட்' எடுப்பார்கள். இதயத்தின் ஆக்டின் இழைமேல் இருக்க வேண்டிய புரதம் ரத்தத்தில் மிதந்தால், இதயத் தசைச் செல்கள் சேதமாகியிருக்கின்றன என்று அர்த்தம்.

இறந்தவர் உடல் விறைப்பது ஏன்?

மையோசின் தலை பிடியை விடுவதற்கு ஒரு புது ஏடிபி வந்து ஒட்ட வேண்டும். உயிர் போனபின் ஏடிபி தீர்ந்துவிடும். கைகள் வடத்தைப் பிடித்தபடியே நின்றுவிடும். சில மணி நேரத்தில் உடல் விறைக்கிறது. பிறகு புரதங்களே சிதையத் தொடங்கியதும் விறைப்பு தளரும்.

மையோசின் தசையில் மட்டும்தான் உண்டா?

இல்லவே இல்லை. அது ஒரு பெரிய குடும்பம். எனக்குப் பிடித்தது மையோசின்-5. இரண்டு கால்களால் ஆக்டின் இழைமேல் நடந்து சரக்கு சுமக்கும் சுமைதூக்கி. ஓர் அடி வைத்தால் 36 நானோமீட்டர். ஞாபகம் வைக்கச் சொன்ன எண்! கயிறு முறுக்காக இருப்பதால் சின்ன அடியாக வைத்தால் முறுக்கோடு சேர்ந்து சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். புரி திரும்ப அதே பக்கம் வரும் தூரத்துக்கு அடி வைத்தால் நேராக நடக்கலாம். பெரும்பாலான மையோசின்கள் பிளஸ் முனைப் பக்கமே போகும். மையோசின்-6 மட்டும் எதிர்த்திசையில்.

ஆக்டினைக் கண்டுபிடித்தது யார்?

ஹங்கேரியின் செகெட் நகரில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, புரூனோ ஸ்ட்ராவ்ப். அவர் வேலை பார்த்தது ஆல்பர்ட் சென்ட்-கியோர்கியின் ஆய்வகத்தில். வைட்டமின் சி உள்ளிட்ட ஆய்வுகளுக்காக 1937இல் நோபல் பெற்றவர் சென்ட்-கியோர்கி.

அங்கே இலோனா பாங்கா தசையிலிருந்து மையோசின் பிரித்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் ஊறவைத்து எடுத்தால் தண்ணியாக இருந்தது. ராத்திரி முழுக்க விட்டு எடுத்தால் கொழகொழவென்று கெட்டியாக இருந்தது. ஏடிபி சேர்த்ததும் அந்தக் கெட்டி இளகியது. அப்படியானால் இரவில் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து இறங்குகிறது. அதைத் தேடிப் பிரித்தவர் ஸ்ட்ராவ்ப், 1942இல். மையோசினை ஊக்குவிப்பதால் ஆக்டின் என்று பெயர் வந்தது. தசையை அசிட்டோனில் உலர்த்திப் பொடியாக்கி அதிலிருந்து பிரிக்கும் அவருடைய முறையைக் கொஞ்சம் மாற்றி இன்றைக்கும் ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். போர்க்காலம் என்பதால் முடிவுகள் செகெட்டின் சொந்த வெளியீட்டில்தான் வந்தன. வெளியுலகுக்குத் தெரியப் போர் முடிய வேண்டியிருந்தது. ஸ்ட்ராவ்ப் பிற்காலத்தில், 1988–89இல், ஹங்கேரியின் நாட்டுத் தலைவராகவே இருந்தார். புரதம் பிரித்தவர்களில் இப்படி வேறு யாரும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆக்டின் என்றால் தசைப் புரதம் என்றே இருந்தது. 1966இல் ஜப்பானின் ஹதானோவும் ஊசாவாவும் ஃபைசாரம் என்ற கோழைப் பூஞ்சணத்திலிருந்து ஆக்டினைப் பிரித்தார்கள். அதற்குத் தசையே கிடையாது. கதை அங்கேதான் திரும்பியது.

செல்லுக்குள் இழைகளை எப்படிப் பார்க்கிறார்கள்?

கொலைகாரக் காளானின் உதவியால். அமானிட்டா ஃபல்லாய்டஸ் என்ற நச்சுக் காளானில் ஃபல்லாய்டின் என்ற பொருள் இருக்கிறது. அது ஆக்டின் இழைகளை இறுகப் பிடித்து அவிழவிடாமல் செய்யும், தனி உருண்டைகளைச் சீண்டாது. அதோடு ஒளிரும் சாயத்தைக் கோர்த்துச் செல்மேல் ஊற்றினால் இழைகள் மட்டும் பளீரென்று தெரியும். அந்தக் காளானைத் தின்று சாகிறவர்களைக் கொல்வது ஃபல்லாய்டின் என்று சிலர் எழுதுகிறார்கள், தவறு. குடலிலிருந்து அது சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை. கொல்வது அதே காளானில் உள்ள அமானிட்டின். அது ஆர்என்ஏ தயாரிப்பை நிறுத்திவிடும்.

எதிர்வேலை செய்யும் நஞ்சும் உண்டு. செங்கடல் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து வரும் லாட்ரன்குலின், தனி உருண்டைகளைப் பிடித்துவைத்துச் சாரத்தைக் கலைத்துவிடும். பூஞ்சைகளின் சைட்டோகலாசின் பிளஸ் முனையில் மூடி போடும். இழை எதற்குத் தேவை என்று அறிய, அதைக் கலைத்துவிட்டு எது நின்றுபோகிறது என்று பார்ப்பதுதான் பழைய வழி. சைட்டோகலாசின் கொடுத்த செல்லில் உட்கரு இரண்டாகும், செல் மட்டும் பிரியாது. ஏனென்றால் செல் பிரியும்போது இடுப்பில் சுருக்குப் போட்டு இறுக்குவது ஆக்டினும் மையோசினும் சேர்ந்த வளையம்.

கிருமிகளுக்கும் ஆக்டினுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, கிருமிகள் இதில் பெரிய திருடர்கள். கெட்டுப்போன உணவின் வழியே வரும் லிஸ்டீரியா செல்லுக்குள் புகுந்ததும் தன் உடலின் ஒரு பக்கத்தில் ஆக்ட்-ஏ என்ற புரதத்தை நீட்டும். அது ஆர்ப்2/3ஐ ஏமாற்றி வேலைக்கு அழைக்கும். பாக்டீரியாவுக்குப் பின்னால் ஆக்டின் வலை வளரும். வால்நட்சத்திரம் போல வால் நீள, பாக்டீரியா முன்னே தள்ளப்பட்டுப் பக்கத்துச் செல்லுக்குள்ளேயே குத்தி நுழையும். வெளியே வராததால் நோயெதிர்ப்புப் புரதங்களின் கண்ணில் படாது. 1989இல் டில்னியும் போர்ட்னாயும் இதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவும் இதே தந்திரத்தைத் தனியாகக் கற்றுவைத்திருக்கிறது, வேறு புரதத்தைக் கொண்டு.

மலேரியாக் கிருமி இன்னும் தேர்ந்தது. அதற்குச் சொந்த ஆக்டின், சொந்த மையோசின். கொசு கடித்து உட்செலுத்திய கிருமி தோலுக்குள் நொடிக்கு 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வேகத்தில் வழுக்கிப்போகும். நம் வெள்ளையணுவைவிடப் பல மடங்கு வேகம்.

பாக்டீரியாவில் ஆக்டின் உண்டா?

நேரடியாக இல்லை, ஒன்றுவிட்ட உறவு உண்டு. கோல்வடிவப் பாக்டீரியாவின் எம்ஆர்இ-பி என்ற புரதம் அமினோ அமில வரிசையில் வேறு, மடிப்பில் ஆக்டினேதான். 2001இல் தெரிந்தது.

ஆக்டின் கெட்டால் என்ன நோய் வரும்?

எந்த ஆக்டின், எங்கே என்பதைப் பொறுத்தது. எலும்புத் தசை ஆக்டின் மரபணு பழுதானால் பிறவியிலேயே தசை தளர்ந்து போகும் நெமலைன் மையோபதி வரலாம். இதய ஆக்டினில் பழுது என்றால் இதயச் சுவர் தடித்துப்போகலாம். காமா ஆக்டினில் என்றால் செவித்திறன் படிப்படியாகக் குறையும். காதுக்குள் ஒலியை உணரும் மயிரிழைகள் ஒவ்வொன்றும் ஆக்டின் கட்டுதான். ஒவ்வொரு அதிர்விலும் அசைந்து ஆயுள் முழுக்க நிற்க வேண்டிய கட்டு அது.

ஆர்ப்2/3க்கு உத்தரவு போடும் வாஸ்ப் என்ற புரதம் இல்லாமல் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய். தட்டணுக்கள் சிறுத்து ரத்தக்கசிவு, எக்ஸிமா, அடிக்கடி தொற்று. சாரம் கட்டுபவருக்கு வேலை சொல்ல ஆள் இல்லாததால் வெள்ளையணுக்கள் சரியாக நகர்வதும் இல்லை, ஒன்றையொன்று சரியாகப் பிடிப்பதும் இல்லை.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. மையோசினோடு ஒட்டும் ஒரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தெற்காசியர்களில் 100 பேரில் 4 பேர் அளவுக்கு இருப்பதாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. இதயச் செயலிழப்பின் ஆபத்தை இது கூட்டுகிறது. ஆக்டின் அங்கே குற்றவாளி இல்லை, வடத்தின் மறுபக்கத்தில் இருக்கும் கைகளின் பிரச்சினை.

புற்றுநோய்ச் செல் பரவ ஆக்டின் தேவை என்றால், ஆக்டினைத் தடுக்கும் மருந்து ஏன் இல்லை?

புற்றுச் செல் மட்டும் ஆக்டினை நம்பியிருக்கவில்லை. உங்கள் இதயமும் அதையேதான் நம்பியிருக்கிறது. லாட்ரன்குலின் கொடுத்தால் முதலில் யார் விழுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் ஆக்டினை விட்டுவிட்டு, அதற்கு உத்தரவு கொடுக்கும் புரதங்களையும், குறிப்பிட்ட சில மையோசின்களையும் குறிவைக்கும் ஆராய்ச்சிகளே அதிகம்.

ஜிம்முக்குப் போனால் ஆக்டின் கூடுமா? கறி சாப்பிட்டால்?

முதலாவது ஆம். தசை தடிப்பது என்றால் அதற்குள் ஆக்டின், மையோசின் கட்டுகள் கூடுவதுதான். இரண்டாவதில், ஆட்டின் ஆக்டின் நேராக உங்கள் கையில் போய் உட்காராது; குடலில் அமினோ அமிலமாக உடைந்து, பருப்பிலிருந்து வந்ததோடு கலந்துவிடும்.

ஆக்டினில் ஹிஸ்டிடின் என்ற ஓர் அமினோ அமிலம் மெத்தில் ஒட்டிய வடிவில் இருக்கும். தசை சிதையும்போது வெளிவரும் அதை உடல் மறுபடி பயன்படுத்த முடியாமல் சிறுநீரில் விட்டுவிடும். அதனால் ஒருவருடைய தசை எவ்வளவு கரைகிறது என்று அளக்க இதைப் பார்ப்பதுண்டு. முந்தைய நாள் கறி சாப்பிட்டிருந்தால் கணக்கு தப்பிவிடும்.

பள்ளி நுண்ணோக்கியில் எதையாவது பார்க்க முடியுமா?

இழையைப் பார்க்க முடியாது. அதன் வேலையைப் பார்க்கலாம். ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் புனலுக்குள் வைக்கும் ஹைட்ரில்லா, அதாவது வேலம்பாசி, கொஞ்சம் எடுங்கள். இலை இரண்டு செல் அடுக்குதான் என்பதால் வெட்ட வேண்டியதே இல்லை. இளம் இலை ஒன்றைப் பிய்த்து ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கண்ணாடி வில்லை மூடி, சில நிமிடம் விளக்கு வெளிச்சத்தில் விடுங்கள். நாற்பது மடங்கு லென்ஸில் நடு நரம்பை ஒட்டிய நீளமான செல்களைத் தேடுங்கள். பசுங்கணிகங்கள் சுவரை ஒட்டி ஒரே திசையில் வரிசையாகச் சுற்றிவரும். சுவரோரம் ஓடும் ஆக்டின் கட்டுகள்மேல் மையோசின் நடக்கிறது. சைட்டோபிளாசம் அதோடு இழுபட்டுப் போகிறது. இத்தாலியின் போனவென்டுரா கோர்ட்டி 1774இல், ஆக்டின் என்ற பெயரே பிறப்பதற்கு 168 ஆண்டுகளுக்கு முன், நீர்த்தாவரச் செல்லில் இந்த ஓட்டத்தைப் பார்த்து எழுதினார்.

முதல் பார்வையில் அசையாமல் இருந்தால் ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் இருந்து எடுத்த இலை பல நேரம் சோம்பலாகவே தொடங்கும். ஐந்து பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.